மின்னல் தொட்ட வீரர்கள்

கல்லூரிக்கு வந்த பிறகும் காமிக்ஸ் படிக்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். தொல்காப்பிய உரையைத் தேடிப் படிக்க வேண்டிய வயதில் இது என்ன பிள்ளைத்தனம் என்பது நம் பெரியோர் கட்சி. இருக்கட்டும். அந்தப் பிள்ளைத்தனத்திற்குள் நம்மைப் பற்றிய செய்திகளும் ஒளிந்து கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றைச் சொல்ல ஆசை.

இரும்புக்கை மாயாவியை அறியாத தமிழ் வீடு உண்டா? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைக் கொண்டுவந்தது. அவரோ 1962-இல் இலண்டனில் 'வேலியண்ட்' என்னும் இதழில் பிறந்தவர். எழுதியவர் ஆங்கிலேயர், சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும்! இதில் ஒரு வேடிக்கை: கதையின் தொடக்கத்தில் அவர் நல்லவரே அல்லர். கிடைத்த வலிமையைக் களவுக்குப் பயன்படுத்திவிட்டுப் பின்னரே திருந்தினார்.

மின்சாரத்தால் வலிமை பெறும் வீரன் நம் பக்கத்திலும் தோன்றினான். 2021 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வெளிவந்த 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படத்தைச் சொல்கிறேன். அதை இயக்கிய பேசில் ஜோசப், நம் காரியவட்டத்திற்கு அண்மையில் ஸ்ரீகாரியத்தில் உள்ள பொறியியற் கல்லூரியில் படித்தவர்! நாம் ஏறும் பேருந்திலேயே அவரும் தொங்கிச் சென்றிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி. கதாநாயகன் ஒரு தையற்காரன். அமெரிக்க வீரர்களின் உடையை யார் தைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. இவனிடம் கேட்கவே வேண்டியதில்லை.

ஆனால் என்னை ஆட்கொண்டவன் அவனல்லன். அதே இரவில் அதே மின்னல் தாக்கிய இன்னொருவன், ஊரார் ஒதுக்கி வைத்த ஷிபு என்னும் எளியவன். வேடமேற்றவர் குரு சோமசுந்தரம், மதுரைக்காரர், ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பயின்றவர்.

நண்பர்களே, இந்நகரில் தமிழனாக வாழ்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆயினும் 'பாண்டி' என்ற சொல் எப்போது வேடிக்கை, எப்போது வசை என்பதைச் சொல்பவன் முகத்தைப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது. மலையாளப் படத்தில் தமிழ் பேசுகிறவன் வந்தால் சிரிக்கத் தயாராகும் கூட்டத்தில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறென்ன செய்வது?

விடுதியில் மின்னல் முரளியைப் பார்த்த இரவு அப்படியில்லை. பல ஆண்டுகள் மனத்திற்குள்ளேயே காதலித்துக் காத்திருந்த ஷிபு, உஷாவின் முன் நின்று வாய் திறந்தபோது அறை முழுதும் அடங்கிவிட்டது. மலையாளம் கற்றுத் தம் சொந்தக் குரலிலேயே அவர் பேசினார். வில்லனுக்காக மலையாள நண்பன் ஒருவன் கண் துடைத்ததை நான் பார்த்தேன். அவன் மானம் கருதிப் பெயர் சொல்லவில்லை. "யாரடா இவர்?" என்றான். "எங்கள் ஊர்ப்பக்கம்" என்றேன். என் ஊர் மதுரைக்கு நூறு கல் தொலைவு. அன்றைக்கு அது பக்கந்தான்.

இன்னொன்று. காமிக்ஸ் முதலில், படம் பின்னர் என்பது உலக வழக்கு. முரளிக்கோ படம் முந்திக்கொண்டது; பிறகே 'டிங்கிள்' அவனைச் சித்திரக்கதையில் சேர்த்துக்கொண்டது. அந்த வீட்டில் 1983 முதலே ஒரு தமிழன் குடியிருக்கிறான். திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதி அனுப்பிய நாட்டுப்புறக் கதைகளிலிருந்து பிறந்தவன், சொன்னதைச் சொன்னபடியே செய்து முதலாளியின் உயிரை வாங்குபவன். வேறு யார், நம் சுப்பாண்டிதான்! அவன் பெயரிலும் ஒரு 'பாண்டி' இருக்கிறது. இந்தியச் சிறுவர் அனைவரும் அதை ஆசையோடுதான் சொல்கிறார்கள்.