வெண்பாறையின் வெற்றிடங்கள்

2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஸ்காட்லாந்தில் பணியாற்றும் குருமடத் தோழர் ஒருவர் தாயகம் வந்ததால், அவருடைய பங்கில் நான்கு வாரங்கள் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தோம். ஓய்வு நாளொன்றில் எடின்பரோவிலிருந்து இரயிலேறி நார்த் பெரிக் என்னும் கடற்கரைச் சிற்றூரை அடைந்தோம். பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் எம்மைக் கரைமேட்டுக்கு அழைத்துச் சென்றார்.

ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில், கடலினின்று செங்குத்தாய் எழுந்து நின்றது பாஸ் பாறை. பண்டைய எரிமலையின் எச்சம் அது. உயரம் 100 மீட்டருக்குச் சற்று அதிகம். கருங்கல்லாயினும் மேற்புறம் வெண்மையாய்த் தோன்றவே, "சுண்ணாம்பு அடித்திருக்கிறார்களோ?" என வினவினோம். முதியவர் புன்னகைத்துத் தம் தொலைநோக்கியை நீட்டினார். வெண்மை அசைந்தது! அத்தனையும் கானட் எனும் கடற்பறவைகள்.

இறக்கை விரித்தால் ஆறடி. தலையில் இளமஞ்சள் பூச்சு. 30 மீட்டர் உயரத்தினின்றும் இறக்கைகளைப் பின்மடக்கி அம்பெனக் கடலுள் பாயும். பாயும் வேகத்தில் நீர் புகாதிருக்க, மூக்குத் துவாரங்கள் வெளிப்புறம் இல்லை. அதிர்ச்சியைத் தாங்கத் தோலுக்கடியில் காற்றுப் பைகள் உண்டு. மீனவர் இல்லத்தில் பிறந்த எமக்கு அந்தப் பாய்ச்சலைக் காணக் காண அலுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரே முட்டை. அதைச் சவ்வுப் பாதங்களால் போர்த்தி அடைகாக்கின்றன. இணை பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே இடத்துக்கே திரும்பி வருகின்றது.

8-ஆம் நூற்றாண்டில் புனித பால்டிரெட் என்னும் துறவி இப்பாறையில் தனித்து வாழ்ந்தார் என்பது மரபு. அவர் பெயரால் எழுந்த சிற்றாலயத்தின் இடிபாடு இன்றும் உள்ளது. இத்துணை இரைச்சலிடையே எவ்வாறு தியானித்தாரோ, அறியோம்!

"சென்ற ஆண்டுக்கு முன் நீங்கள் வந்திருக்க வேண்டும், தந்தையே" என்றார் முதியவர். 2014-இல் இங்கே 75,000-க்கும் மேற்பட்ட கூட்டிடங்கள் இருந்தன. அன்று வடக்குக் கானட் இனத்தின் உலகிலேயே பெரிய குடியிருப்பு இதுவே. 2022 கோடையில் பறவைக் காய்ச்சல் புகுந்தது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 52,000 கூட்டிடங்களே எஞ்சின. நோயுற்றுப் பிழைத்த பறவைகள் சிலவற்றின் வெளிர்நீலக் கண்கள் கருமையாய் மாறிவிட்டனவாம். கரையிலிருந்து அதைக் காண இயலாது. வெண்மையிடையே கருந்திட்டுகளை மட்டும் கண்டோம்.

2021 மே திங்களில் எமது பங்கில் அடக்கம் செய்தோரின் முகங்கள் நினைவில் எழுந்தன. சில நாள்களில், கல்லறையருகே குடும்பத்தார் நால்வர்கூட நிற்க இயலவில்லை. கணவரை அன்று இழந்த தாய் ஒருவர், இன்றும் ஞாயிறு பூசையில் தமக்கருகே ஓராள் இடம் விட்டே அமர்கின்றார். அங்கே பிறர் அமரும்படி ஒருமுறை நாம் கூறினோம், கூறியிருக்கலாகாது.

திட்டொன்றின் ஓரத்தில் ஒரு கானட் தனித்து நின்றது. பறவைக்குத் துக்கம் உண்டெனச் சொல்ல எமக்குத் துணிவில்லை. ஆயினும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அரைமணிக்குப்பின் வேறொரு பறவை வந்திறங்கிற்று. இரண்டும் கழுத்தை உயர்த்தி, அலகோடு அலகு தட்டி நெடுநேரம் நின்றன. "இணைதான், இரைதேடப் போயிருந்தது" என்றார் முதியவர்.

மாலை இரயிலைத் தவறவிட்டோம்.