தோட்ட வேலைக்குச் சரியான ஆளை எடுப்பது எப்படி?

"செடி நடுற வேலைதானே, யார் வேணும்னாலும் செய்யலாம்." லேண்ட்ஸ்கேப்பிங் தொழிலில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை இது.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகள், கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஈ.சி.ஆரில் ரிசார்ட்டுகள், எல்லா இடத்திலும் புல்தரையும் பூச்செடியும் கேட்கிறார்கள். ஆரம்பிக்கப் பெரிய முதலீடும் வேண்டாம். மண்வெட்டி, கடப்பாரை, தண்ணீர் டியூப், ஒரு புல் வெட்டும் மெஷின், வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி இருந்தால் போதும். அதனால்தான் நிறையப் பேர் இதில் வருகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் கருவியிலோ செடியிலோ இல்லை, வேலைக்கு எடுக்கும் ஆளிடம் இருக்கிறது.

ஏன்? நட்ட செடி உடனே சாகாது. வேர் அறுந்திருந்தாலும் பத்துப் பதினைந்து நாள் பச்சையாகவே நிற்கும். பில் போடும் அன்று எல்லாம் அழகாக இருக்கும். மூன்றாவது வாரம் இலை கருகும்போது, நட்டவர் கூலி வாங்கிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போயிருப்பார். ஹோட்டலில் சமையல்காரர் சரியில்லை என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். இங்கே தப்பான ஆளை எடுத்தது தெரியவே ஒரு மாதம் ஆகும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாள் கூலியில் 100 ரூபாய் குறைவாகக் கேட்கும் ஒருவரை எடுத்தால், 26 வேலை நாளில் 2,600 ரூபாய் மிச்சம். அவர் நட்ட 400 செடிகளில் 100 பட்டுப்போய்விட்டது, செடி ஒன்று 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு மட்டும் 6,000 ரூபாய். பராமரிப்புக் காலத்தில் செத்த செடியைச் சொந்தச் செலவில் மாற்றித் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதி வாங்கிவிடுவார்கள். குழி தோண்டும் கூலி, வண்டி வாடகை தனி. அடுத்த வருடம் கான்ட்ராக்ட் கைவிட்டுப் போனால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயோடேட்டா இந்த வேலைக்கு உதவாது. இன்டர்வியூவும் உதவாது. அரைநாள் கூலி கொடுத்து வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பதுதான் ஒரே வழி. பத்துச் செடியைக் கையில் கொடுத்துவிட்டு இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. பாலிதீன் பையை எப்படி எடுக்கிறார்? பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் எடுப்பவர் வேரை மதிக்கத் தெரிந்தவர். செடியின் கழுத்தைப் பிடித்து இழுப்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2. எவ்வளவு ஆழத்தில் வைக்கிறார்? பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ தரையிலும் அதே மட்டம் வேண்டும். தண்டு புதைந்தால் அழுகும்.

3. தண்ணீர் எப்படி விடுகிறார்? மேலாக விசிறி அடித்தால் மண் நனைந்த மாதிரி தெரியும், வேருக்குப் போகாது. ஈ.சி.ஆர். மணலில் பாத்தி கட்டி விடவேண்டும். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடவே கூடாது.

4. வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவி வைக்கிறாரா, அப்படியே போடுகிறாரா?

தோட்டக்கலை படித்த சூப்பர்வைசர் தேவைதான். பூச்சியா, சத்துக் குறைவா என்று அவர்தான் சொல்வார். வேகமாகக் குழி வெட்டும் ஆட்களும் தேவை. ஆனால் முதலாளிகள் அதிகம் யோசிக்காமல் எடுப்பது தினமும் தண்ணீர் விடும் தோட்டக்காரரை. சித்திரை வெயிலில் அவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்ற எல்லோருடைய உழைப்பும் வீண். அதிகம் யோசித்து எடுக்க வேண்டிய ஆளே அவர்தான்.

ஊட்டி தாவரவியல் பூங்காவின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1847-இல் அங்கிருந்த ஐரோப்பியர்கள் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டமாகத்தான் அதை ஆரம்பித்தார்கள். 1848-இல் லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்த மெக்ஐவர் வந்தார். மேலே காடு, கீழே சதுப்பு. அதைப் பூங்காவாக்க ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. தொழில் தெரிந்த ஒருவர் வந்து, நிலைத்தும் நின்றதால் கிடைத்த பலன் அது. அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சதுப்பில் இறங்கி மண் வெட்டியவர்களுக்குக் கூலியாட்கள் என்பதுதான் பெயர்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. களை எடுப்பதும், குத்துக்குத்தாகப் புல் நடுவதும் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை. ஆண்களுக்கு ஒரு கூலி, அவர்களுக்கு ஒரு கூலி என்பது பல இடங்களில் வழக்கம். சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தது. இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ., 20 பேர் இருந்தால் பி.எஃப். என்பதால், ஒன்பதோடும் பத்தொன்பதோடும் கணக்கை நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. பிரஷ் கட்டர் ஓடும்போது கல் தெறித்துக் கண்ணில் பட்டால், அந்தக் கணக்கு யாரைக் காப்பாற்றும்? ஒரு கண்ணாடி, மருந்து அடிக்கும்போது முகமூடி, கையுறை. இதெல்லாம் செலவா?

நல்ல ஆளை எடுப்பது பாதி வேலை. அவர் போகாமல் பார்த்துக்கொள்வது மீதி. தேதி தவறாத சம்பளம், பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு, வாடிக்கையாளர் முன்னால் "ஏய்" என்று கூப்பிடாத மரியாதை. இவை போதும், அடுத்த கான்ட்ராக்டர் ஐம்பது ரூபாய் கூடத் தருகிறேன் என்றாலும் பலர் யோசிப்பார்கள்.

வணிகவியல் பாடத்தில் ஆட்களின் கூலி வியாபாரக் கணக்கின் செலவுப் பக்கத்தில்தான் வரும். தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். தொழில் தொடங்கும்போது மட்டும், ஆள் எடுக்கும் நாளில் யார் குறைவாகக் கேட்கிறார் என்று பார்ப்பதற்கு முன், யார் அந்த மண்கட்டியை உடைக்காமல் எடுக்கிறார் என்று பாருங்கள்.