முதியோர் உருட்டிய பந்து

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அதிகாலைத் தொழுகைக்குப் பின் நடை பயிலும் முதியவர்கள் நாங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்களே எங்களுள் பலர். நடை முடிந்தால் பேச்சு. பேச்சு முடிவதோ மூட்டு வலியிலும் மருந்துச் சீட்டிலும். இந்தச் சுழலிலிருந்து மீள வழியுண்டா என்றிருந்த வேளையில், பேரப்பிள்ளைகளுடன் நகரத்து வணிக வளாகம் ஒன்றுக்குச் சென்று வந்த அன்பர், "பௌலிங் ஆடினேன்" என்றார். கிரிக்கெட் என்று எண்ணி நகைத்தோம். அவர் ஆடியது டென்பின் பௌலிங்.

நேயர்கள் பலர் இதனைக் கண்டிருக்கக்கூடும். மூன்றரை அடிக்குச் சற்றே குறைந்த அகலமுள்ள வழவழப்பான மரத்தடம். எல்லைக் கோட்டிலிருந்து 60 அடி தொலைவில் முக்கோணமாக நிற்கும் பத்துக் கட்டைகள். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். மூன்று விரல்கள் நுழையத் துளையிட்ட பந்தை உருட்டி அவற்றை வீழ்த்த வேண்டும். ஆட்டமொன்றுக்குப் பத்துச் சுற்றுகள். பிழையின்றி ஆடினால் 300 புள்ளிகள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1978ஆம் ஆண்டு பாங்காக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. 50 வயதைக் கடந்தோர்க்கென்றே 2013ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் உலகப் போட்டி நடந்தது. ஷேக் அப்துல் ஹமீது, ஷபீர் தன்கோட் எனத் தேசியப் பட்டம் வென்ற வீரர்களைத் தமிழகமும் தந்திருக்கிறது.

ஆகவே, நாமும் முதியோர்க்கு ஒரு போட்டி நடத்தினால் என்ன என்று துணிந்தோம். பெண்மணிகள் நால்வர் உட்படப் பதினாறு பேர் பெயர் தந்தனர். எல்லாரும் அறுபதைக் கடந்தவர்கள். கூட்டம் குறைந்த வார நாளின் காலைப் பொழுதில் நான்கு தடங்களை வாடகைக்குப் பேசினோம். ஆளுக்கு மூன்று ஆட்டங்கள். லுஹர் தொழுகைக்கு முன் முடிந்துவிடும். கட்டணப் பணம் தட வாடகைக்கே. அதிலிருந்து பரிசு தருவதில்லை என்றும் உறுதி செய்தோம். சூதின் சாயல்கூடப் படியலாகாது அல்லவா?

நடத்திப் பார்த்தால்தான் தெரிகிறது, முதியோர் போட்டியின் நுட்பம்! பந்து 16 பவுண்டு வரை இருக்கலாம். எங்களுக்கோ எட்டும் பத்துமே ஏற்றவை. விரல் முட்டு வீங்கியவர்க்குத் துளை பெரிதாயிருக்க வேண்டும். தடத்தின் மீது எண்ணெய் பூசியிருப்பார்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் வழுக்கி விழ நேரும். ஆகவே தடத்துக்கு ஒருவராக இளைஞர்களை நிறுத்தினோம். நீரிழிவுக்காரர்களுக்கு இடையில் சிற்றுண்டி, எல்லாருக்கும் நாற்காலி.

இடர் வந்தது வேறிடத்திலிருந்து. வல்லாரும் மெல்லாரும் சமமாக மோதும் பொருட்டு 'ஹேண்டிகேப்' என்றொரு முறை இவ்விளையாட்டில் உண்டு. 200இலிருந்து ஒருவரின் சராசரியைக் கழித்து, மீதியில் நூற்றுக்கு 80 பங்கை அவருடைய ஒவ்வோர் ஆட்டத்தோடும் கூட்டினோம். சராசரி 150 உடையவர்க்கு 40 புள்ளி. 110 உடையவர்க்கு 72. அதற்கு மேலும், அறுபதைத் தாண்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி தருவதென நாங்களாகவே விதித்தோம்.

பட்டியலைப் பார்த்த 74 வயதுப் பெரியவர் ஒருவர் தம் பெயரை அடிக்கச் சொன்னார். லேத்துப் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவர். மனைவி மறைந்தபின் வீடும் பள்ளிவாசலுமே உலகமென இருந்தவரை அரும்பாடுபட்டு அழைத்து வந்திருந்தோம். "ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகினாலும் உருப்படியை ஒதுக்கித் தள்ளியவன் நான். விழாத கட்டைக்குக் கணக்கு எழுதச் சொல்கிறீர்களா?" என்றார்.

மறுநாள் பள்ளிவாசலில் அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். வெளியே வந்ததும் எங்களுள் ஒருவர் மெல்லக் கேட்டார்: "உட்கார்ந்து தொழுததால் தொழுகையில் குறையுண்டோ?"

பெரியவர் செருப்பைத் தேடியவாறே சொன்னார்: "தம்பி, அது படைத்தவன் தந்த சலுகை. இது நீங்கள் தருவது."

எங்களிடம் மறுமொழி இல்லை. யோசித்துப் பார்த்தோம். பந்தின் எடையை அவர்களைக் கேட்டு முடிவு செய்த நாங்கள், விதியை மட்டும் கேளாமலே வகுத்திருந்தோம். முதியோர்க்கு நன்மை செய்வதாக எண்ணி அவர்கள் சொல்லைப் பறிப்பது வீடுகளிலும் நடப்பதுதான். அதையே நாங்களும் செய்துவிட்டோம்.

பதினாறு பேரையும் கூட்டினோம். "சராசரிக் கணக்கு அளவுகோல், எல்லார்க்கும் ஒன்றே. அதை ஏற்கிறேன். வயதுக்குத் தரும் புள்ளி தர்மம், அது எனக்கு வேண்டா" என்றார் பெரியவர். "எனக்கு வேண்டும்! எழுபத்தொரு வயதைச் சும்மாவா சுமக்கிறேன்?" என்று வாதிட்டார் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஒரு மணி நேரம் சூடான விவாதம்! மூட்டு வலியை எவரும் நினைக்கவில்லை. கையுயர்த்தி முடிவெடுத்தனர்: சராசரிக் கணக்கு இருக்கும், வயதுப் புள்ளி போகும்.

போட்டி நாளன்று முதற்பரிசு, வயதுப் புள்ளிக்காக வாதாடிய ஆசிரியைக்கே கிடைத்தது. பெரியவருக்கு ஏழாமிடம். பரிசளிப்பின்போது அவர் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து ஏதோ கூட்டிக் கொண்டிருந்தார். பிறகு எங்களிடம் நீட்டினார். நீங்கள் வகுத்த பழைய விதிப்படி ஆடியிருந்தால் தமக்கு மூன்றாமிடமும் ஒரு பரிசும் கிடைத்திருக்கும் என்றார்.

"வருத்தமா?" என்று கேட்டோம்.

"இல்லை, அடுத்த போட்டி எப்போது?" என்றார்.