47 வயதில் நீச்சல் வகுப்பு தேடியபோது...

1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய நீச்சல் வளாகம் வேளச்சேரியில் இருக்கிறது. அந்த ஊரிலேயே பல வருடங்கள் குடியிருந்தும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. 2015 டிசம்பர் மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோதுதான் அது உறைத்தது. மாமியாரைப் படகில் ஏற்றும் வரை எனக்குக் கைகால் நடுங்கியது.

மகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் காலையில் ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைத்தது. வகுப்பு தேட ஆரம்பித்தேன்.

போன் செய்த இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "குழந்தைக்கு என்ன வயசு மேடம்?" என்பதுதான். "எனக்குத்தான் சார்" என்றால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. ஓரிடத்தில், "பத்தே நாள்ல நீந்த வெச்சிடுவோம்" என்றார்கள். இன்னோர் இடத்தில் பெண்களுக்குத் தனி நேரம் இருந்தது. ஆனால் சொல்லித்தர ஆள் இல்லை.

மூன்றாவது இடத்தில், "ஒரு நாள் வந்து பாருங்க, அப்புறம் சேருங்க" என்றார்கள். போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி சுவரைப் பிடித்தபடி, தண்ணீருக்குள் முகத்தை வைத்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தார். அரை மணி நேரமும் அதே பயிற்சிதான். மகள் வயதில் இருந்த கோச் என்னிடம் சொன்னார்: "முதல்ல தண்ணிக்குள்ள மூச்சு விடணும் அக்கா. கை, கால் எல்லாம் அப்புறம்தான்."

சேர்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. பயத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். உள்ளே கரியமில வாயு சேரச் சேர மூச்சு முட்டுகிறது. உடனே தலையைத் தூக்குகிறோம். தலை மேலே போனால் கால் கீழே இறங்கிவிடும். முகத்தைத் தண்ணீரில் வைத்து மெதுவாக மூச்சை விடப் பழகினால் உடம்பு தானாக மட்டமாகிறது.

கிராமத்தில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் அது சரி. என் வயதில் முதலில் நம்பிக்கை வேண்டும். "சொல்லாம கையை எடுக்க மாட்டேன்" என்றார் கோச். ஒவ்வொரு முறையும் மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுத்தார். ஒன்பதாவது நாள் மல்லாந்து மிதந்தேன். காதுக்குள் தண்ணீர்ச் சத்தம், மேலே வெறும் வானம். கண்ணில் வந்தது குளோரினால் மட்டும் இல்லை.

இப்போது 25 மீட்டர் நிற்காமல் போகிறேன். "குளம் வேற, ஓடுற வெள்ளம் வேற. அதுல இறங்கிடாதீங்க" என்று கோச் அடிக்கடி எச்சரிப்பார்.

வகுப்பு தேடும் தோழிகளுக்குச் சில விஷயங்கள். பெரியவர்களுக்குத் தனி பேட்ச் உண்டா, ஒரு கோச்சுக்கு எத்தனை பேர், உயிர்காப்பாளர் எப்போதும் இருப்பாரா, ஆழம் குறைந்த பக்கத்தில் கால் தரையில் படுமா என்று கேளுங்கள். உடைக்காகத் தயங்க வேண்டாம்; முழங்கை, கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடைகள் கடைகளில் கிடைக்கின்றன. பருத்திச் சுடிதார் தண்ணீரில் கனக்கும். ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், "ஒரு நாள் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கட்டணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.