புளிச்சா போச்சு!

அமெரிக்காவுல லீவு நாள்னா வீட்டுலயே அண்டா வெச்சு பீர் காய்ச்சுறதை ஹாபியா வெச்சிருக்கிறவங்க ஏராளம். 1978-ல அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் அதுக்கு வழிவிட்டுச்சு. அவங்களுக்கு இருக்கிற பெரிய டென்ஷன், 'ஐயோ, புளிக்காமப் போயிடுமோ?' போனாத்தான் என்ன, சிங்க்ல கொட்டிட்டு அடுத்த வாரம் ட்ரை பண்ணுவாங்க.

நம்ம ராமநாதபுரம் கடலோரத்துலயும் அண்டா வெச்சுக் காய்ச்சுறாங்க. ஆனா இங்கே டென்ஷன் அப்படியே உல்டா. 'ஐயோ, புளிச்சிடுமோ?'

காய்ச்சுறது கருப்பட்டி ஆச்சே!

ராமநாதபுரம் வர்ற கூட்டம் எல்லாம் பாம்பன் பாலம், ராமேஸ்வரம்னு கிழக்கே போயிடும். நீங்க ஒரு தடவை எதிர்ப்பக்கம் பஸ் ஏறுங்க. கீழக்கரை, ஏர்வாடி தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையிலயே போனா சாயல்குடி. அங்கேருந்து நரிப்பையூர், மூக்கையூர்னு கடலைப் பார்த்து இறங்கினா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பனை, பனை, பனைதான். தண்ணி இல்லாத மண்ணுல, உப்புக் காத்துல நிமிர்ந்து நிக்குது நம்ம மாநில மரம்.

பனங்காட்டுக்குள்ள ஓலைக் கொட்டகை போட்டுக் கருப்பட்டி காய்ச்சுற ஒரு குடும்பத்தோட ஒரு நாள் இருந்தேன். நான் போன நாள்... எதைத் தொட்டாலும் சொதப்பின நாள்!

சொதப்பல் 1: தூறல்

பனம்பாளையைச் சீவி விட்டா, சொட்டுச் சொட்டா இனிப்புச் சாறு வடியும். பிடிக்கிறதுக்குக் கலயம் கட்டுவாங்க. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவியிருந்தா அது பதநீர். தடவலைன்னா கள். அவ்வளவுதாங்க வித்தியாசம்!

நம்ம கெமிஸ்ட்ரி பாஷையில சொன்னா, காத்துலயும் கலயத்துலயும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சர்க்கரையைச் சாராயமாவும் அமிலமாவும் மாத்தும். சுண்ணாம்போட காரத்தன்மை அதுங்களை அடக்கி வைக்கும். முந்தின ராத்திரி பெய்ஞ்ச தூறல் கலயத்துக்குள்ள இறங்கி, தடவின சுண்ணாம்பு நீர்த்துப் போச்சு. விடிஞ்சதும் மரம் ஏறி இறக்கினா, பாதிக் கலயத்துல நுரை தள்ளுது. அண்ணாச்சி முகர்ந்து பார்த்துட்டு ஒவ்வொண்ணா மண்ணுல கவுத்தாரு.

"ஏண்ணாச்சி கொட்டுறீங்க?"

"வச்சிருந்தா கேஸாயிரும் தம்பி!"

தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை வந்தது 1987-ல. பக்கத்துல கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துல பனங்கள்ளை பாட்டில்லயே அடைச்சு விக்கிறாங்க. கள்ளு வேணுமா, வேணாமான்னு இங்கே இன்னும் வாதம் ஓடுது. அது தனிக் கதை. ஆனா ஒரு விரல் சுண்ணாம்பு குறைஞ்சா இங்கே ஒருத்தரோட உழைப்பு குற்றமாயிடும்ங்கிறதை மட்டும் நினைச்சுப் பாருங்க.

சொதப்பல் 2: ஈர விறகு

தப்பிச்ச பதநீர் அண்டாவுக்கு வந்துச்சு. சுமார் 60 லிட்டர். அடுப்புக்குக் காஞ்ச பனை மட்டை, ஓலை, கருவேல விறகு. அத்தனையும் நனைஞ்சு கிடக்கு! தீ பிடிக்கல, புகைதான் பிடிச்சுது. அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஊதிக்கிட்டு இருந்தாங்க. பதநீரை இறக்கினதும் சீக்கிரம் கொதிக்க விடணும். லேட் ஆக ஆக, மிச்சமிருக்கிற கிருமிங்களுக்குக் கொண்டாட்டம்.

சொதப்பல் 3: பொங்கல்

பால் மாதிரியே பதநீரும் பொங்கும். அதுக்கு அக்கா கையில ஒரு டெக்னிக் இருக்கு. ரெண்டு ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டா, பொங்கி வந்தது புஸ்ஸுனு அடங்கிடும். அந்த எண்ணெய் நுரைக் குமிழிகளை உடைக்குது. ஃபேக்டரியில நுரை அடக்க கெமிக்கல் ஊத்துவாங்களே, அதே தத்துவம்! ஆனா அன்னிக்கு இருந்த புகையில அண்டா பொங்கினதே தெரியல. ரெண்டு மூணு லிட்டர் வழிஞ்சு, கஷ்டப்பட்டுப் பிடிச்ச தீயையும் அணைச்சிடுச்சு.

சொதப்பல் 4: இறுகாத பாகு

மதியம் தாண்டி பாகு திரண்டுச்சு. தண்ணியில ஒரு சொட்டு விட்டா உருண்டு நிக்கணும். அதுதான் பதம். அன்னிக்கு உருளல, கரைஞ்சு ஓடுச்சு. இன்னும் கொஞ்சம் காய்ச்சி, சிரட்டையில ஊத்தி வெச்சாங்க. சாயங்காலம் தட்டிப் பார்த்தா, வெயில்ல வெச்ச சாக்லேட் கணக்கா கொழகொழன்னு இருக்கு.

காரணம் காலையிலயே ஆரம்பிச்சது. லேசாப் புளிச்ச ஏதோ ஒரு கலயம் அண்டாவுல கலந்திருக்கு. பதநீர்ல இருக்கிறது பெரும்பாலும் சுக்ரோஸ். புளிச்சா அது குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் உடையும். உடைஞ்சதுக்கு அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் சரியா படிகமாகாது. போதாக்குறைக்குக் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கும்.

இப்போ கணக்கு. 100 மில்லி பதநீர்ல 10-லருந்து 12 கிராம் சர்க்கரைதான் இருக்கும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8-லருந்து 10 லிட்டர் வேணும். அத்தனை மரம் ஏறி, அத்தனை விறகு எரிச்சு, அன்னிக்குக் கிடைச்சிருக்க வேண்டியதே ஆறு கிலோ சொச்சம். அதுவும் விக்க முடியாத நிலைமையில. இந்தக் குடும்பத்துக்கு மாசச் சம்பளம் கிடையாது. மாசி, பங்குனியில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும்தான் சீசன்.

இதைக் காப்பாத்த ஒரு ஷார்ட் கட் இருக்கு பாஸ்... வெள்ளைச் சீனி! பாகுல அள்ளிப் போட்டா நல்லா இறுகிடும், எடையும் ஏறும். மார்க்கெட்ல கலப்படக் கருப்பட்டி புழங்குற ரகசியமே இதுதான். அக்காகிட்ட கேட்டேன்.

"சீனி போட்டா கல்லு மாதிரி நிக்கும் தம்பி. ஆனா அதைக் கருப்பட்டின்னு எப்படிச் சொல்லி விப்பேன்? இது எங்க வீட்டுக் காப்பிக்கு ஆச்சு!"

நஷ்டத்தைச் சிரிச்சுக்கிட்டே விழுங்குறாங்க. ஆனா எத்தனை நாளைக்கு? பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசு அறிவிச்சது. சந்தோஷம். மரம் நிக்கும். ஏறுறதுக்கும் காய்ச்சுறதுக்கும் ஆள் நிப்பாங்களா?

இன்ஜினீயரிங் மக்களே, இங்கேதான் நம்ம ஏரியா வருது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எத்தனை வருஷம்தான் கோட்டு மேல ஓடுற ரோபோவையே செய்வோம்? தென்னைக்கு, காசர்கோட்டுல இருக்கிற மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஐஸ் வெச்ச பெட்டியில சுண்ணாம்பே இல்லாம சாறு பிடிக்கிற முறையைக் கொண்டு வந்துடுச்சு. பனைக்கு, எடுத்துக்கிட்டு மரம் ஏற லேசா, தூறல் உள்ளே இறங்காத ஒரு கலய மூடி போதும். புளிச்ச கலயத்தை அண்டாவுல ஊத்துறதுக்கு முன்னாடியே காட்டிக் கொடுக்க, நம்ம லேப்ல சும்மா கிடக்கிற பி.ஹெச். பேப்பர் போதும். புகை போக ஒரு அடுப்பு டிசைன் போதும். மூணுமே ராக்கெட் சயின்ஸ் இல்லை.

சரி, ப்ராஜெக்ட் எல்லாம் நமக்கு ஆகாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஈஸி வேலை. கருப்பட்டி விலையைக் கேட்டு 'இவ்ளோவா?'ன்னு வாயைப் பிளக்குறதுக்கு முன்னாடி, கிலோவுக்குப் பத்து லிட்டர்ங்கிற கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. யாராவது பாதி விலைக்குத் தர்றேன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க... சந்தேகப்படுங்க!