அம்மா சாட்சி சொல்லவில்லை

2021 கடைசியில, தம்பியின்ர மருந்து முடிஞ்சு ஒரு மாதம் இருக்கும், சொந்தக்கார அன்ரி ஒருத்தர் வீட்டுக்கு வந்தா. அவ ஒரு செபக்கூட்டத்துக்குப் போறவ. "ஆண்டவர் உங்கட பிள்ளைக்குச் செய்ததை நாலு சனத்துக்குச் சொல்லத்தானே வேணும் அக்கா, வந்து சாட்சி சொல்லுங்கோ" எண்டா. அம்மா தேத்தண்ணி போட எழும்பிப் போனா. திரும்பி வந்து, "எனக்கு ஏலாது" எண்டு மட்டும் சொன்னா. அன்ரிக்கு அது திமிராகத்தான் தெரிஞ்சிருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்ப அப்பிடித்தான் இருந்தது. மூண்டு வருசம் செபமாலையைக் கையை விட்டுக் கீழ வைக்காத மனிசி, நன்றி சொல்ல மட்டும் ஏன் மாட்டன் எண்டுறா?

நாங்கள் பாஷையூர். அப்பா கடலுக்குப் போறவர். எங்கட வீட்டில விசுவாசம் எண்டது யோசிச்சு எடுத்த முடிவு இல்லை. பின்னேரம் விளக்கு வைக்கிற மாதிரி, ஆனி 13இல அந்தோனியார் திருநாள் வாற மாதிரி, அது பாட்டுக்கு இருக்கிற ஒண்டு. 2018 ஐப்பசியில தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்ப அவனுக்கு எட்டு வயசு. காலுக்குள்ள நோகுது எண்டு அழுதான், உடம்பில விழாமலே நீலத் தழும்புகள். டெங்கு எண்டுதான் எல்லாரும் நினைச்சம். இரத்தச் சோதனை லுக்கீமியா எண்டது. எலும்பு மச்சையில முதிராத வெள்ளைக் கலங்கள் பெருகி, மற்றக் கலங்களுக்கு இடமில்லாமல் பண்ணிப்போடும். பிள்ளைகளுக்கு வாற புற்றுநோய்களில இதுதான் கூட. வசதியான நாடுகளில இந்த வகை வந்த பத்துப் பிள்ளைகளில எட்டு ஒன்பது பேர் தப்பிவிடுவினம் எண்டு டொக்டர் அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். அப்பா வீட்ட வந்து எங்களுக்குச் சொல்லேக்க "பத்துக்கு ஒண்டு ரெண்டு போகுமாம்" எண்டார்.

மகரகமவுக்கு அனுப்பினார்கள். அதோட சனத்தின்ர வாயும் திறந்தது. குடும்பத்தில ஆரும் ஏதும் செய்தவையோ எண்டு கேட்டவை இருக்கினம். பிறவிக் குருடனைக் காட்டி, இது ஆர் செய்த பாவம் எண்டு சீடர்கள் யேசுவிட்டக் கேட்டது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில இருக்கு. அவர் அவனும் இல்லை, தாய் தேப்பனும் இல்லை எண்டுதான் பதில் சொன்னவர். அதை வருசா வருசம் பூசையில கேட்ட சனமே எங்களிட்ட வந்து இதைக் கேட்டது. இன்னும் சிலர், விசுவாசம் இருந்தால் மருந்தை நிப்பாட்டிப்போட்டுக் குணமளிக்கிற கூட்டத்துக்குக் கொண்டு போங்கோ எண்டினம். தம்பி சத்தி எடுத்து எடுத்துக் காய்ஞ்சு போயிருந்த நேரம் அப்பா உண்மையிலேயே தளம்பினார். பங்குச் சுவாமி வந்து சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். வைத்தியரை மதிக்கச் சொல்லுற அதிகாரம் அது. புரட்டஸ்தாந்து வேதாகமத்தில அந்த நூல் இல்லை, எங்களுடையதில இருக்கு. எங்கட வீட்டில ஒரு வேதப்புத்தகம் நேரடியாக உயிர் காத்தது எண்டால் அது அந்த நாள்தான் எண்டு நான் பகிடியாகச் சொல்லுறனான். அம்மா சிரிக்கிறதில்லை.

இரவு பஸ்ஸில கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். முறிகண்டியில பஸ் நிக்கும், எல்லாரும் இறங்குவினம். அம்மாவும் இறங்கிப் பிள்ளையாருக்கு உண்டியலில காசு போட்டிட்டு, தம்பிக்குக் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவா. கழுத்தில மடு மாதா பதக்கம், கைப்பையில மடு மண். மடு மாதாவே அகதியாகப் போனவதானே. 1670இல ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையில இருந்து காட்டுக்குள்ள கொண்டு போனதாம் அந்தச் சொரூபம். முறிகண்டிப் பிள்ளையாரோட அவவுக்கு ஒரு கோபமும் இராது எண்டு அம்மம்மா சொல்லுவா.

வாட்டில அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. உண எண்டால் காய்ச்சல், லே எண்டால் இரத்தம், பேஹெத் எண்டால் மருந்து. இந்த மூண்டு சொல்லோடதான் முதல் மாதம் போனது. பக்கத்துக் கட்டிலில அம்பாறைப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருத்தர். அவவுக்கு அஞ்சு வயசில மகள். தமிழ் கதைக்க ஆள் கிடைச்சதே அம்மாவுக்குப் பெரிய புதுமை. ரெண்டு பேரும் சுடுதண்ணிப் போத்தலில இருந்து எல்லாம் பங்குதான். பிள்ளைகளுக்கு முதுகில ஊசி போடுற நாளில ஒராள் வாசலில செபமாலை, மற்றாள் தஸ்பீஹ். ஸ்ரெரொயிட் குளிசையால தம்பிக்கு இரவு ரெண்டு மணிக்கும் பசிக்கும். அந்த அன்ரிதான் தன்ர பிஸ்கட்டைக் குடுப்பாவாம்.

2019 உயிர்த்த ஞாயிறுக்கு அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போக இருந்தவ. 138ஆம் நம்பர் பஸ்ஸில கோட்டைக்குப் போய், அங்கால ஓட்டோ பிடிக்கிறது எண்டு எல்லாம் விசாரிச்சு வைச்சிட்டா. "நீங்க போய் வாங்க அக்கா, மகனை நான் பாத்துக்கிறன்" எண்டு சொன்னது பக்கத்துக் கட்டில்காரிதான். சனி இரவு தம்பிக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. வெள்ளைக் கலம் குறைஞ்ச பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் விளையாட்டில்லை. அம்மா போகேல்லை.

எங்களுக்கு அது தெரியாது. பாஷையூரில பூசை முடிஞ்சு வெளிய வரேக்க சனம் போனைப் பார்த்துக்கொண்டு நிண்டது. கொச்சிக்கடை எண்ட பேரைக் கேட்ட உடன அப்பா மண்ணில இருந்திட்டார். அம்மாவின்ர போன் அடிச்சுக்கொண்டே இருந்தது, ஆரும் எடுக்கேல்லை. பத்தரைக்குத்தான் எடுத்தா. இரத்தம் குடுக்க லாப்புக்குப் போன இடத்தில போனைக் கட்டிலில விட்டிட்டாவாம்.

அண்டைக்கு 250க்கும் மேற்பட்ட சனம் செத்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில மறைக்கல்வி முடிச்சு வந்த சின்னப் பிள்ளைகள். "அந்தோனியார் உங்களைக் காப்பாத்திப் போட்டார்" எண்டு எங்களுக்கு வந்த போன் கணக்கில்லை. எனக்கும் அப்பிடித்தான் இருந்தது, மறைக்க ஏன். அம்மம்மா மட்டும் ஒண்டும் சொல்லேல்லை. 1995 ஆடி 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில குண்டு விழுந்து நூறுக்கும் மேல சனம் செத்ததே, அதுக்குள்ள அவவின்ர சிநேகிதியும் ஒராள். கோயில் எண்டால் போடமாட்டாங்கள் எண்டு நம்பி இருந்த சனம். "காப்பாத்தினவர் எண்டு சொன்னால் பிறகு மற்றக் கேள்விக்கும் பதில் வைச்சிருக்கவேணும் பிள்ளை" எண்டு ஒருக்கால் எனக்குச் சொன்னா.

வாட்டில நிலைமை மாறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியோட ஒருத்தரும் கதைக்கேல்லையாம். சாய்ந்தமருதில வெடிச்ச பிறகு அவவின்ர மனிசனுக்கும் வர ஏலாமல் போச்சு. முகத்தை மூடக்கூடாது எண்டு சட்டம் வந்தது. வெளிய சாப்பாடு வாங்கப் போகவே பயந்திட்டா. ரெண்டு கிழமை அவவுக்கும் சேர்த்து அம்மாதான் வாங்கிக் குடுத்தவ. அடுத்த ஞாயிறு கோயில்கள் பூட்டி, பூசை ரீவியில போனது. அதை அம்மா யன்னலோரம் வேற ஆரின்டையோ போனில பார்த்தாவாம், பக்கத்தில அவவும் இருந்தாவாம்.

அந்தப் பிள்ளை ஓகஸ்டில போயிட்டுது. அதே வருத்தம், அதே வாட்டு, அதே மருந்து.

இதையெல்லாம் அம்மா ஒரே நாளில சொல்லேல்லை. துண்டு துண்டாக, மீன் வெட்டேக்க, உடுப்பு மடிக்கேக்க. சாட்சி சொல்லாததைப் பற்றி நான் நேராகவே கேட்டன். "நான் கும்பிட்டதால என்ர பிள்ளை இருக்கெண்டு மேடையில சொன்னால், அவள் கும்பிட்டது காணாது எண்டுதானே வருகுது" எண்டா. பிறகு மீனைக் கழுவினா.

கம்பஸில கிறிஸ்தவ நாகரிகம் ஒரு பாடமாக எடுத்தன். அதில சாமுவேல் இரண்டாம் நூலில தாவீதின்ர பிள்ளை வருத்தமாகப் படுக்கிற கதை வந்தது. ஏழு நாள் ராசா சாப்பிடாமல் நிலத்தில கிடக்கிறான். பிள்ளை சாகுது. அவன் எழும்பிக் குளிச்சு, கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, பிறகு சாப்பாடு கேக்கிறான். வேலைக்காரருக்கே விளங்கேல்லை. தேப்பனின்ர பாவத்துக்குத்தான் பிள்ளை செத்தது எண்டு அந்தக் கதை சொல்லுறதை நான் இண்டைக்கும் ஏற்கமாட்டன். ஆசிரியரோடயும் அதில கொஞ்சம் சண்டை பிடிச்சனான். ஆனால் அந்தச் சாப்பாடு எனக்கு விளங்குது. அந்தப் பிள்ளை போன இரவு அம்மா தம்பிக்குச் சோறு தீத்தினாவாம். அவன் ரெண்டாந்தரமும் கேட்டானாம்.

அம்மா இப்பவும் ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியார் கோயிலுக்குப் போறா. முந்திப் போலக் கேட்டு மண்டாடுறதில்லை, சும்மா இருந்திட்டு வாறா. தம்பிக்குப் பதினைஞ்சு வயசு, வருசத்துக்கு ஒருக்கால் கிளினிக். அவனுக்கு வாட்டைப் பற்றிப் பெரிசாக ஞாபகம் இல்லை. முறிகண்டிக் கச்சான் ஞாபகம் இருக்கு.

பெருநாளுக்கும் பாஸ்காவுக்கும் அம்மாவும் அந்த அன்ரியும் போனில கதைப்பினம். அந்த நேரம் தம்பி வீட்டில நிண்டால், அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போயிடுவா. அவன்ர குரல் அங்கால கேக்கக் கூடாதாம்.