'நன்று' என்று எழுதிய கை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் பஸ், நெடுமங்காட்டைத் தாண்டிய பிறகு, மலையேறத் தொடங்குமுன் வித்துராவில் நின்று மூச்சு வாங்கும். ரப்பர் மரங்களும் கடைத்தெருவும் அடிக்கடி மழையுமாக ஒரு மலையடிவார ஊர். காட்டை ஒட்டிக் காணிக்காரர் குடியிருப்புகள். இன்னொரு பக்கம் போனக்காடு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். இதே ஊரில்தான் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய வளாகமும் இருக்கிறது.

இந்தப் பகுதிப் பள்ளி ஒன்றில் மலையாளம் கற்பிக்கும் ஆசிரியைக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. பெயர் வெளிவருவதில் அவருக்கு விருப்பமில்லை. 2025 ஏப்ரலில் நடந்ததை மட்டும் மறைக்காமல் சொல்கிறார்.

கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. ஆனால் எட்டாம் வகுப்பில் சிலருக்கு மட்டும் விடுமுறை இல்லை. எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் எடுக்காதவர்களுக்குச் சிறப்பு வகுப்பு, மாதக் கடைசியில் மறுதேர்வு. அப்படி வந்தவர்களில் ஒருவன் காட்டோரக் குடியிருப்பிலிருந்து வரும் பையன். அதிகம் பேசாதவன். அன்று தன் பழைய நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரே சொல்: 'நன்று'. சில இடங்களில் கூடவே ஒரு நட்சத்திரம்.

"டீச்சர்தானே நல்லாயிருக்குன்னு எழுதினீங்க?" என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆசிரியையால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் முதன்முறையாக முழுவதையும் படித்தார். மழைக்காலத்தைப் பற்றி ஒரு பக்கம். கூட்டெழுத்துகள் பாதி தவறு. முற்றுப்புள்ளி என்ற ஒன்று இருப்பதே தெரியாதது போல வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆனால் நடுவில் ஒரு செய்தி இருந்தது. ஓடையில் தண்ணீர் ஏறுவதற்கு முன்னாலேயே அதன் சத்தம் மாறிவிடும். அதைக் கேட்டுத்தான் அன்று பள்ளிக்குப் போகலாமா வேண்டாமா என்று அம்மா முடிவு செய்வாள். வகுப்பில் வேறு யாரும் எழுதாத, எழுத முடியாத விஷயம். அதன் கீழும் அதே 'நன்று'தான்.

"தப்பையும் சொல்லவில்லை. நல்லதையும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டையும் மூடிவிட்டேன்" என்கிறார் அவர்.

இதை ஓர் ஆசிரியையின் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. கேரளம் முழுவதும் இதே கேள்வியோடு சில ஆண்டுகளாக மல்லாடிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் ரேங்க் முறையைக் கைவிட்டு, 2005இல் கிரேடு முறைக்கு மாறிய மாநிலம் அது. பத்திரிகையில் ஒரு சிலரின் புகைப்படமும், மற்ற லட்சக்கணக்கான வீடுகளில் கண்ணீரும் என்ற பழைய காட்சிக்கு அது முடிவு கட்டியது. நல்ல நோக்கம்தான். ஆனால் 100 மதிப்பெண் பாடத்தில் 20 மதிப்பெண் பள்ளியே போடும் தொடர் மதிப்பீட்டுக்கு. அதை ஏறக்குறைய எல்லோருக்கும் முழுதாகவே அள்ளிக் கொடுக்கும் பழக்கம் வந்தது. தேறுவதற்கு மொத்தம் 30 போதுமாக இருந்தது. அதாவது எழுத்துத் தேர்வின் 80இல் வெறும் 10 எடுத்தால் கரையேறிவிட முடிந்தது. 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் 99.69 சதவீதம்.

2023 டிசம்பரில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த எஸ். ஷாநவாஸ், ஆசிரியர்களின் கூட்டமொன்றில் மனம்விட்டுப் பேசியது ஒலிப்பதிவாக வெளியே கசிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஏ பிளஸ் போடுகிறோம், இது பிள்ளைகளை ஏமாற்றும் வேலை என்பது அவர் பேச்சின் சாரம். பெரிய சர்ச்சை கிளம்பியது. அது அரசின் கருத்தல்ல என்றார் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி. ஆனால் 2024 ஆகஸ்டில் அமைச்சரவையே முடிவெடுத்தது: எழுத்துத் தேர்வில் தனியாக 30 சதவீதம் வேண்டும். முதலில் எட்டாம் வகுப்பு, அடுத்த ஆண்டு ஒன்பது, அதற்கடுத்து பத்து. மறுதேர்விலும் தேறாத எட்டாம் வகுப்புப் பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்துவதில்லை. ஆனாலும், உனக்கு இது வரவில்லை என்று முதன்முறையாக ஒருவர் அவனிடம் சொல்லியாகிவிட்டது. அதைச் சொன்னது ஓர் எண் என்பதுதான் சங்கடம்.

அந்த எண்ணுக்கு முன்னால், பல மாதங்களுக்கு முன்பே, மனிதக் குரலில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் ஆசிரியர். ஏன் சொல்லவில்லை?

ஆசிரியையின் பதில் அவருடைய குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. அவர் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண். படித்தது மலையாளத்தில். வகுப்பில் 'பாண்டி' என்று ஒரு பட்டப்பெயர். வல்லின எழுத்துகளைத் தமிழ் வாடையோடு உச்சரித்தால் உள்ளங்கையில் பிரம்பு. பிரம்படி மறந்துவிட்டது. மறக்காதது, அடித்த வாத்தியார் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்ன வார்த்தை: "தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்." அன்று அவர் எழுதிய எழுத்து தப்பு என்று யாரும் காட்டித்தரவில்லை. பிறந்த இடமே தப்பு என்றுதான் அவருக்குக் கேட்டது. தானும் ஆசிரியை ஆனபோது, எந்தப் பிள்ளையின் முகமும் அப்படி வாடக் கூடாது என்று தீர்மானித்தார். சிவப்பு மையில் 'நன்று' மட்டும் எழுதும் கை அப்படித்தான் பழகியது.

அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் பலரின் கதையும் இதுதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்தது. தடை வேண்டியதுதான். ஆனால் பிரம்பைக் கீழே வைத்த கைக்கு வேறு எதைத் தருவது என்று யாரும் நின்று கற்பிக்கவில்லை. பலர் மௌனத்தைக் கையில் எடுத்தார்கள். சிலர் பிரம்பு போனதே தவறு என்று புலம்பினார்கள். 2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், திருவனந்தபுரம் மாவட்ட ஆசிரியர் ஒருவரின் முன்ஜாமீன் வழக்கில், ஆசிரியர் கையில் பிரம்பு இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை என்ற பொருள்படச் சொன்னபோது ஆசிரியர் அறைகளில் கிடைத்த வரவேற்பை இந்த ஏக்கத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அடியா, அன்பா என்று விவாதம் அதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பையனின் கேள்வி இந்த இரண்டிலும் அடங்காதது.

பாராட்டும் கண்டிப்பும் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்று உலகில் நிறையவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளின் விடைகளுக்கு மூன்று விதமாகப் பதில் தந்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும். சிலருக்கு, எது சரி, எது போதாது என்ற குறிப்பு மட்டும். மற்றவர்களுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை மேலே வந்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலன் இல்லை. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. 1998இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ கெட்டிக்காரன்' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அதன் பிறகு சுலபமான புதிர்களையே தேர்ந்தெடுத்தார்கள். தோற்றபோது சீக்கிரம் துவண்டார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். 'நன்றாக முயன்றாய்' என்று கேட்டவர்கள் கடினமானதை விரும்பினார்கள். 1996இல் குளூகரும் டெனிசியும் பல நூறு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்பீடு செய்து சொன்னதே செயல்திறனைக் குறைத்திருந்தது. புகழ்ச்சியானாலும் இகழ்ச்சியானாலும், பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பினால் ஆபத்து என்பது அவர்கள் கண்டது.

வித்துரா பையனுக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமானது இன்னொரு ஆய்வு. 2014இல் வெளியானது, சிறியதுதான். அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் ஆசிரியர்கள் வழக்கம்போல் தவறுகளைக் குறித்தார்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. பாதிப் பேருக்கு, இது உன் கட்டுரை பற்றிய குறிப்பு என்று ஒப்புக்கு ஒரு வரி. மீதிப் பேருக்கு, உன்னிடம் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இவற்றைக் குறித்திருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி. விரும்பினால் திருத்தி எழுதலாம் என்றபோது, முதல் வகைச் சீட்டு பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் 17 சதவீதம் பேரே திருத்தினார்கள். இரண்டாம் வகையில் 72 சதவீதம். வெள்ளையினப் பிள்ளைகளிடம் வித்தியாசம் இந்த அளவுக்கு இல்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதே. தன் இனத்தை மட்டமாக நினைக்கும் ஊரில் வளரும் பிள்ளை, திருத்தத்தைப் பார்த்ததும் முதலில் கேட்டுக்கொள்வது, 'இது என் எழுத்துக்கா, எனக்கா?' என்பதுதான். தோட்டத்துச் சிறுமிக்கு 40 ஆண்டுகளுக்கு முன் அதற்கு விடை கிடைத்துவிட்டது. அந்த விடையிலிருந்து காட்டோரப் பையனைக் காப்பாற்றத்தான் அவர் திருத்துவதையே விட்டார். ஆனால் திருத்தாமல் விடுவதும், 'இவனுக்கு இவ்வளவு போதும்' என்று வேறு வழியில் சொல்வதுதான். பழைய வாத்தியாரின் வாக்கியத்தைத் தானும் அன்போடு சொல்லிக்கொண்டிருந்தது அன்றிரவு அவருக்கு உறைத்தது.

தமிழுக்கு இந்த விஷயம் புதிதல்ல. நன்னூல் ஆசிரியருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று துலாக்கோல். தராசுக்குத் தயவும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. இருக்கும் எடையைச் சொல்லும். 1880இல் கும்பகோணத்தில் நடந்ததும் தமிழறிந்தவர்கள் மறக்காத ஒன்று. கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையரிடம், அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பிரயோஜனம் என்ற கேள்விதான் வந்தது. மகாவித்துவானின் மாணவருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் முதலியார் அங்கே நிறுத்தவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பிறகு அதன் பிரதியையும் தேடித் தந்தார். அந்த நூல்தான் 1887இல் ஐயரின் பதிப்பாக அச்சில் வந்தது. தொடர்ந்து ஐயர் பதிப்பித்தவற்றைத் தமிழுலகம் அறியும். முதலியார் அன்று மரியாதைக்காக 'மிக நன்று' என்று சொல்லியிருந்தால் ஐயர் மகிழ்ந்திருப்பார், அத்தோடு போயிருக்கும். குறை சொன்னவர், அடுத்து எடுக்க வேண்டிய ஏட்டையும் கையில் கொடுத்தார். அந்தக் குறை மனத்தில் தைத்தும் நிலைத்ததற்கு அது ஒரு காரணம்.

வித்துராவின் அறிவியல் வளாகத்துக்கும் இது அன்றாடம்தான். எந்த ஆய்வுக் கட்டுரையும் அச்சேறும் முன் சக ஆய்வாளர்களின் திருத்தங்களுக்கு உட்பட வேண்டும். அங்கே யாரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. தொழிலின் ஒரு பகுதி. அதே ஊரின் பள்ளிப் பையனுக்கு அந்தப் பழக்கம் எட்டாம் வகுப்புவரை கிடைக்கவில்லை என்றால், வளாகத்தின் கேட் அவனுக்கு மிகத் தொலைவில்தான் இருக்கும்.

மறுநாள் ஆசிரியை அந்த நோட்டைத் திருப்பித் தந்தார். ஓடையின் சத்தம் வரும் இடத்தில் கோடிட்டு, 'இது எனக்குத் தெரியாது. உன்னிடமிருந்து தெரிந்துகொண்டேன்' என்று எழுதியிருந்தார். கீழே, 'ஒரு மூச்சில் சொல்வது ஒரு வாக்கியம். மூச்சு முடியும் இடத்தில் புள்ளி வை. முதல் பத்து வரியை மட்டும் மறுபடி எழுதிக் கொண்டு வா' என்று இருந்தது. கூட்டெழுத்துகளை அன்று தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால் எதுவும் கண்ணில் படாது என்பது அவர் கணக்கு. 'நன்று' எங்கும் இல்லை.

பையன் படித்துவிட்டு நோட்டை மூடினான். முகம் கொஞ்சம் சுருங்கியது. "பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது" என்கிறார் ஆசிரியை. இரண்டு நாள் கழித்துப் பத்து வரிகள் வந்தன. ஏழு புள்ளிகள். அவற்றில் இரண்டு தப்பான இடத்தில்.

அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு நோட்டுக்கு இப்படி எழுத ஐந்து நிமிஷம் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல். வாரம் முழுக்க அப்படி எழுத அவரால் முடியாது. அதை ஒப்புக்கொள்ளவும் தயங்குவதில்லை. ஒரு நாளைக்கு எட்டு நோட்டு என்று இப்போது வைத்துக்கொண்டிருக்கிறார். எஞ்சியவற்றில் கையெழுத்து மட்டும் போடுகிறார். படிக்காத நோட்டில் 'நன்று' போடுவதில்லை.